‘மாடி ஒழுகுது’: ஒரு போன் நோட்டு பிளாக் ஆன கதை

எங்கள் ஆபீஸ் என்பது மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு போன், ஒரு நீள நோட்டு. என் வீட்டுக்காரர் கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். மொட்டை மாடி ஒழுகலை நிறுத்துவது எங்கள் தொழில். அவர் சைட்டில் இருப்பார், போனை நான் எடுப்பேன். யார் பேசினாலும் தேதி, ஏரியா, என்ன பிரச்சினை என்று நோட்டில் நாலு வரி எழுதிவிடுவேன். மறதிக்குப் பயந்து ஆரம்பித்த பழக்கம் அது.

வெப்சைட் 2018-லேயே இருந்தது. மாதம் நாலு கட்டுரை போட்டால் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்கள். பணம் கட்டினோம். ஆறு மாதத்தில் இருபத்துநாலு கட்டுரை, அத்தனையும் ஆங்கிலத்தில். ஒரு நாள் மதியம் சும்மா உட்கார்ந்து ஒன்றைப் படித்தேன். குளிர்காலம் வந்ததும் கூரையில் படியும் பனியை அவ்வப்போது அள்ளிவிடுங்கள், உறைந்து உருகும் பனிதான் விரிசலுக்குக் காரணம் என்று இருந்தது. மார்கழியில்கூட ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர் இது. அடுத்த கட்டுரை நிலவறைக்குள் தண்ணீர் வராமல் தடுப்பது பற்றி. எங்கள் தெருவில் யார் வீட்டில் நிலவறை இருக்கிறது? வீட்டுக்காரரிடம் படித்துச் சொன்னேன். “பனியா? அள்ளிட்டு வரச் சொல்லு, ஜிகர்தண்டாவுக்கு ஆகும்” என்றார்.

அந்த ஆறு மாதத்தில் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் பேசியவர் என்று நோட்டில் ஒருவர்கூட இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். என்ன போடுகிறார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் மாதாமாதம் பணம் கட்டியது நாங்கள்.

அப்புறம் 2021-ல் இரண்டாவது ஊரடங்கு. வேலை நின்றுபோனது, போன் மட்டும் நிற்கவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்களா, ஓதம், அதாவது சுவரிலும் தளத்திலும் ஊறி நிற்கும் ஈரம், கண்ணில் பட்டிருக்கிறது. அப்போது என் அக்கா மகன் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும். ஒரு நாள், “சித்தி, காலையிலிருந்து ஒரே பதிலை நாலு பேருக்குச் சொல்லிட்டீங்க. அதையே ஒரு தடவை எழுதிப் போட்டுட்டா என்ன?” என்றான். டிராக்டர் கம்பெனி ஜான் டீரே 1895-லேயே விவசாயிகளுக்கென்று ஒரு பத்திரிகை ஆரம்பித்ததாம். கலப்பையை வாங்கு என்று சொல்வதோடு நிற்காமல் நிலத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதினார்களாம். “வெப்சைட்ல இப்படி எழுதிப் போடுற பிளாக்கும் அதே வேலைதான்” என்றான். எனக்கு டிராக்டர் கதையைவிட, இனி நாலு தடவை பேச வேண்டாம் என்பதுதான் பிடித்திருந்தது.

அன்றைக்கு நாலு பேர் கேட்ட கேள்வி இது: “வெள்ளை பெயிண்ட் அடிச்சா ஒழுகல் நின்னுருமாம்மா?” நான் முதலில் எழுதியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். ‘மேற்கூரையின் வழியே ஏற்படும் நீர்க்கசிவானது கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கும் ஒரு முக்கியக் காரணியாகும்’ என்று ஆரம்பித்திருந்தேன். பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டு மாதிரி. பையன் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போன் வந்தபோது நான் பேசுவதைத் தன் போனில் பதிந்து எனக்கே போட்டுக் காட்டினான். அதில் நான் சொல்லியிருந்தது: “வெறும் வெள்ளையடிப்பு வெயிலுக்குங்க. சூடு குறையும். ஆனா தளத்துல விரிசல் இருந்தா அதை அது மூடாது. மொதல்ல மாடிக்குப் போய், மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எங்க தண்ணி நிக்குதுன்னு பாருங்க. நிக்கிற இடத்தைச் சாக்பீஸ்ல சுத்தி வட்டம் போட்டுட்டு எனக்குப் போட்டோ அனுப்புங்க.” இதைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கிப் போட்டோம். கேள்வியே தலைப்பு. பதில் முதல் இரண்டு வரியில். மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே வாளி வைத்துவிட்டுப் படிக்கிறவருக்குக் கட்டடக் கலையின் வரலாறு எதற்கு?

போனைத் தொட்டுப் பேசுகிறவர்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரருக்கு வேலை தெரியும், ஆனால் ஜனங்கள் எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்பது தெரியாது. அவரைப் பொறுத்தவரை வாட்டம் என்றால் வாட்டம்தான். பத்தடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் குழாயைப் பார்த்து ஓடும் என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. போன் செய்கிறவருக்கோ அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. புதிதாக வீடு கட்டியவர்கூட, “மாடி தட்டையாத்தான இருக்கணும்?” என்று கேட்பார். இந்த இடைவெளியில்தான் எங்களுக்கு ஒவ்வொரு கட்டுரையும் கிடைக்கிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நான் எழுதுவதில் வேலை விவரம் தப்பிவிடும். அதனால் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்வது என்று ஆனது. இரவு சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம். குரலை எழுத்தாக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். ‘ஓதம்’ ‘ஓதும்’ ஆனது, சுவரெல்லாம் வேதம் ஓத ஆரம்பித்தது. ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் இருக்கட்டுமே என்று மொழிபெயர்ப்பு செயலியில் போட்டால், மாடியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்போம் என்பதைச் சாப்பாட்டுத் தட்டோடு வருவோம் என்று மாற்றி வைத்திருந்தது. அதிலிருந்து ஆங்கிலப் பக்கம் போவதே இல்லை. நாங்கள் வேலை செய்வது மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரைக்கும்தான். இந்த எல்லைக்குள் இருக்கிறவர் தமிழில் படிப்பார்.

படிப்பார் சரி, தேடுவது எப்படி? கூகுள் சர்ச் கன்சோல் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லைத் தட்டியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது காட்டும். பையன் அதைத் திறந்து காட்டியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ‘நீர்க்கசிவு’ என்று தட்டியவர் அங்கே அபூர்வம். ‘ஒழுகுது’, ‘சொட்டுது’, ‘சுவர் பொரிஞ்சு உதிருது’ என்றுதான் வருகிறார்கள். அதிலும் பாதிப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ‘ஓதம்’ என்ற சொல்லை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சொல்கிறார்கள், சின்ன வயதுக்காரர்கள் ‘டேம்ப்’ என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் கலந்து வைத்தேன். திணித்து வைக்கவில்லை, போனில் பேசினால் இரண்டும் எப்படிக் கலந்து வருமோ அப்படி.

இனி விலைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை இதில்தான். நோட்டைப் புரட்டினால் அதிகம் பேர் கேட்டிருப்பது, “சதுர அடிக்கு எவ்வளவு?” நான் அதை எழுத வேண்டும் என்றேன். அவர் கூடவே கூடாது என்றார். “போட்டிக்காரன் பார்ப்பான், அஞ்சு ரூபா குறைச்சுச் சொல்லுவான்” என்றார். “அவனுக்கு நம்ம விலை ஏற்கனவே தெரியும், நமக்கு அவன் விலை தெரியலையா?” என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. கடைசியில் ஒரே விலையாகப் போடாமல், எதனால் கூடும், எதனால் குறையும் என்று சேர்த்து எழுதினோம். பழைய சுருக்கித் தளத்தை (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டது) உடைத்து எடுக்க வேண்டியிருந்தால் கூடும். தெரு குறுகலாக இருந்து இடிசலைக் கையால் சுமந்து இறக்க வேண்டியிருந்தால் கூடும்; தெற்கு மாசி வீதிக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார், செடித் தொட்டி எல்லாம் நகர்த்த வேண்டும் என்றால் கூடும். இதையெல்லாம் கழித்த வெற்று மாடி என்றால் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை.

அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. எனக்கே வயிற்றில் புளி கரைத்தது. ஆனால் நோட்டைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முன்பு சைட்டுக்குப் போய் அளந்து, கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, “வீட்ல கேட்டுச் சொல்றோம்” என்று காணாமல் போகிறவர்கள் நிறைய. பெட்ரோலும் அரை நாளும் போனதுதான் மிச்சம். இப்போது அழைக்கிறவர் விலையைப் படித்துவிட்டு அழைக்கிறார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வேலை ஆகிறது. வீட்டுக்காரர் இன்றைக்கு வரைக்கும் நான் சொன்னது சரி என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் விலை ஏறும்போது, “அதுல மாத்திட்டியா?” என்று அவரே கேட்கிறார்.

கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு தடவை மாற்றாமல் விட்டு மாட்டிக்கொண்டோம். திருப்பரங்குன்றத்தில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய விலைப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். சிமெண்ட், கெமிக்கல் எல்லாம் ஏறிவிட்டது ஐயா என்றால், “எழுதினது நீங்கதானம்மா?” என்றார். நியாயம்தானே? பழைய விலைக்கே செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து விலைப் பக்கத்தில் முதல் வரியே எந்த மாதத்து விலை, எதுவரை செல்லும் என்பதுதான்.

விலைக்கு அடுத்தபடியாக எங்களுக்கு ஆள் கொண்டுவந்தது எது என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள்: எங்களைக் கூப்பிடத் தேவையில்லாத ஒழுகல்கள் என்று எழுதியது. சித்திரை வெயிலிலும் ஓதம் காயவில்லை என்றால் அது மழைத் தண்ணீர் இல்லை. பாத்ரூம் குழாயோ, தொட்டியிலிருந்து இறங்கும் லைனோ சுவருக்குள் கசிகிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். மழைத்தண்ணிக் குழாயின் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்து மாடியில் குளம் கட்டியிருந்தால், விளக்குமாறு போதும். சந்தேகம் இருந்தால் வெயில் நாளில் குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் வந்தால் பிறகு பேசலாம். தளம் ஏற்கனவே தொய்ந்திருந்தாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ இதைச் செய்யாதீர்கள் என்றும் எழுதியிருந்தோம். அதைப் படித்து விளக்குமாறால் வேலை முடித்துக்கொண்ட ஒரு அம்மா, நாலு மாதம் கழித்துத் தன் தம்பி வீட்டு வேலையை வாங்கிக் கொடுத்தார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘விளக்குமாறு’ என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

எப்போது எழுதுவது என்பதிலும் தடுக்கி விழுந்தோம். முதல் வருடம் ஐப்பசி மழை பிடித்த பிறகு அவசர அவசரமாக எழுதினேன். கூகுள் அதைக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் தை பிறந்துவிட்டது. மழை ஒழுகலைத் தையில் யார் தேடுவார்? அதுவும் போக, ஈரத் தளத்தில் எங்கள் வேலையைச் செய்யவும் முடியாது. காய்ந்தால்தான் பூச்சு பிடிக்கும். இப்போது மழைக்காலக் கட்டுரைகளைப் பங்குனி, சித்திரையிலேயே போட்டுவிடுகிறோம். அதிலும், ‘இந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்றால் ஆவணிக்குள் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. 2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் பேய் மழை கொட்டி, செல்லூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்ததே, அந்த இரண்டு நாளும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. எல்லாருக்கும் பாலித்தீன் தார்ப்பாயை எப்படி விரித்துக் கட்டுவது என்ற பக்கத்தைத்தான் அனுப்பினேன். அது ஏப்ரலில் எழுதியது. வேலையைத் தையில் செய்து கொடுத்தோம்.

அனுப்பினேன் என்றேன் இல்லையா, அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாக் என்றால் கூகுளில் யாரோ தேடி வந்து படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அனுபவத்தில் பாதிப் பயன் அங்கே இல்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, “அண்ணே, உங்க வீட்டுல கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன். வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்புறேன், படத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்று அனுப்பிவிடுவேன். அவர் வீட்டில் மற்றவர்களிடம் காட்டுவார். வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவார். பணம் அனுப்பப்போகிறவர் பல வீடுகளில் சென்னையிலோ துபாயிலோ இருக்கிற மகன்தான். அவரிடம் நான் பேசப்போவதில்லை. அந்தப் பக்கம்தான் எனக்காகப் பேசும். ஒரு குடியிருப்புச் சங்கத்தின் குரூப்பில் ஒருவர் போட்டுவிட்டதில், வில்லாபுரத்தில் ஒரே தெருவில் மூன்று வீடு கிடைத்தது.

படம் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த, மஞ்சள் ஹெல்மெட்டுடன் சிரிக்கிற வெள்ளைக்காரர் படங்களைத் தூக்கிவிட்டு எங்கள் சைட் படங்களைப் போட்டேன். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், ஈரத்தைக் காட்டும் எங்கள் ஆளின் விரல். அது நல்ல முடிவு. ஆனால் ஒரு படத்தில், சிதைந்த விட்டத்துக்குக் கீழே அந்த வீட்டுச் சாமி படங்களும் காலண்டரும் தெரிந்தன. அந்த வீட்டு அம்மாவின் சம்பந்தி அதைப் பார்த்துவிட்டார். பொண்ணு கொடுக்கிற வீடு இப்படியா இருக்கு என்று பேச்சு வந்துவிட்டதாம். அந்த அம்மா போனில் திட்டவில்லை, அழுதார். உடனே எடுத்துவிட்டேன். இப்போது படத்தைக் காட்டி, ‘போடட்டுமா’ என்று கேட்டுச் சரி என்ற பிறகுதான். தளத்தையும் சுவரையும் தவிர வேறெதுவும் தெரியாமல் வெட்டிவிடுவேன். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அதையும் சுருக்கித்தான் போட வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் பக்கம் திறக்கவே திறக்காது.

பார்வை எண்ணிக்கை ஆளை ஏமாற்றும். எங்கள் பிளாக்கில் அதிகம் பேர் படித்தது கடுக்காய், சுண்ணாம்பு, வெல்லம் சேர்த்துத் தளம் போட்ட காலத்தைப் பற்றியது. 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து மெருகேற்றியதையும் அதில் எழுதியிருந்தேன். மலேசியாவிலிருந்தெல்லாம் படித்தார்கள், பாராட்டினார்கள். வேலை? ஒன்றுகூட இல்லை. பெருமையாக இருந்தது, எடுக்கவும் மனசில்லை. ஆனால் அதே மாதிரி இன்னும் பத்து எழுதலாம் என்று ஆசைப்பட்டபோது பையன் நோட்டை எடுத்து நீட்டினான். நோட்டில் இப்போது கடைசிப் பத்தி ஒன்று புதிதாக உண்டு: எங்களை எப்படித் தெரியும்? ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறேன். முப்பது பேர் மட்டும் படித்த ‘தொட்டிக்கு அடியில் தளம் ஒழுகினால்’ என்ற பக்கத்திலிருந்து நாலு வேலை வந்திருந்தது.

எண்ணிக்கையைக் கூட்டவும் நான் முயற்சி செய்வதில்லை. மாதம் ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. புதிதாக எழுதுவதைவிடப் பழையதைத் திருத்துவதற்குத்தான் நேரம் போகிறது. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில், எழுதுகிறவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பதையும் சேர்த்ததாகப் பையன் சொன்னான். அப்படியென்றால் எங்கள் ஆட்களின் சிமெண்ட் படிந்த கைகளைவிட வேறென்ன அனுபவம் காட்டுவது என்று கேட்டேன்.

தோற்ற வேலையையும் எழுதலாமா என்பது அடுத்த சண்டை. அண்ணா நகரில் ஒரு வீடு. முழு மாடியும் முடித்து, தண்ணீர் நிறுத்திச் சோதித்துக் கொடுத்தோம். இரண்டாவது மழையிலேயே திரும்ப ஒழுகியது. இவருக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால், கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் கேபிள்காரர் என்றோ அடித்த ஆணியைச் சுற்றி ஒரு விரிசல். தண்ணீர் சுவருக்குள் இறங்கி, தளத்துக்குள்ளேயே நடந்து, எட்டடி தள்ளி ஹாலில் சொட்டியிருக்கிறது. நாங்கள் வெளிச்சுவரைப் பார்க்கவே இல்லை. இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம். எழுதினால் நம் பெயர்தான் கெடும் என்றார் இவர். அந்த வீட்டுக்காரரிடமே கேட்டேன். “தாராளமா எழுதுங்கம்மா, நாலு பேர் வெளிச்சுவரையும் பார்ப்பாங்க” என்றார். எழுதினோம். இப்போது புதிதாகப் பேசுகிறவர்களில் சிலர் எடுத்த எடுப்பிலேயே, “அந்த ஆணிக் கதை படிச்சேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

நேற்று மதியம் ஒருவர் ஆனையூரிலிருந்து பேசினார். ஏசிக்குச் சுவரில் ஓட்டை போட்டார்களாம், வெளிப்பக்கச் சாரல் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து கட்டில் மேல் சொட்டுகிறதாம். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் இதே கேள்வி மூன்றாவது தடவை. நாங்கள் இதைப் பற்றி எழுதவே இல்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். இவர் சைட்டிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும் போனை எடுத்து முன்னால் வைக்க வேண்டும்.